மூன்றாவது வண்டி

அத்தியாயம் பதினொன்று

எட்டு மாதமாகப் பேசாத தம்பி போன வாரம் அக்காவுக்கு போன் செய்தானே, ஞாபகம் இருக்கிறதா? "ஞாயித்துக்கிழமை ஒரு வண்டி பாக்கணும், வரணும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. அவன் கேட்பான் என்று அக்காவும் எதிர்பார்க்கவில்லை.

எட்டு மாதச் சண்டைக்குக் காரணம் அரை இஞ்ச். தம்பி, வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர். அவன் முடித்த ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்த அக்காவிடம், வீட்டுச் சொந்தக்காரர் பேச்சுக்கு "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டு வைத்தார். "மாடிப்படியில ஒரு படி மட்டும் அரை இஞ்ச் உயரமா இருக்கு. வயசானவங்க தடுக்கி விழுவாங்க" என்றாள் அக்கா. டேப் வைத்து அளந்தார்கள். அரை இஞ்ச்தான். அந்த மனிதர் கட்ட இருந்த அடுத்த வீடு வேறு கான்ட்ராக்டர் கைக்குப் போனது.

என்ன செய்வது, அக்காவின் பிழைப்பே அதுதான். இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். அடிபட்ட வண்டிகளைக் குனிந்தும் படுத்தும் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று எழுதுகிறவள். தேறாத வண்டியில் மஞ்சள் பெயின்ட் பேனாவால் வரிசை எண்ணைக் குறியாகப் போடுவாள். மெக்கானிக் ஷெட்டுகளில் அவளுக்குப் பெயரே 'மஞ்சப்பேனா'தான். "மஞ்சப்பேனா வருதுடோய்" என்று ஒரு குரல் கேட்டால், குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் நிமிர்ந்து நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. வாசலில் ஹாரன் அடித்தது. ஒரு தடவை அடித்தால் போதாதா? மூன்று தடவை.

"போயிட்டு வா" என்றார் கணவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். இரண்டு வருஷம் முன்பு கார் ஷோரூமில் வேலை போனதிலிருந்து அவர் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம் பார்க்கிறார். எங்கே, யாரோடு என்று கேட்டால் "எல்லாம் ஓடுது" என்பார். "ரொம்பக் குடையாத. அவனும் ஆசைப்படறான், பாவம்."

தம்பி மேல் கணவருக்கு இவ்வளவு கரிசனம் எப்போதிலிருந்து என்று அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

தம்பியின் சின்னக் காரில் முன் சீட்டில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் என்றால் தம்பியின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள். "வாங்க அண்ணி" என்றாள் திரும்பாமல். வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல். பின் சீட்டில் பாதி இடத்தை டைல்ஸ் சாம்பிள் பெட்டி பிடித்திருந்தது. மீதி பாதியில் அக்கா உட்கார்ந்தாள்.

"ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன்" என்றான் தம்பி, கியரைப் போட்டபடி. "உன்னைக் கூப்பிடச் சொன்னது இவ. நான் இல்ல."

"எனக்கும் உன்னோட ஊர் சுத்தணும்னு ஆசையில்ல."

"நம்ம பொண்ணு உக்காரப் போற வண்டி" என்றாள் டீச்சர். "அதான் சொன்னேன். உங்க கண்ணுக்குத் தப்பின குறை உலகத்துல உண்டா, அண்ணி?"

அது பாராட்டு இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"எதுக்குடா உனக்கு அவ்வளவு பெரிய வண்டி?"

தம்பி கண்ணாடி வழியாக அவளை முறைத்தான். "போன மாசம் சைட்டுக்கு ஒரு பெரிய பார்ட்டி வந்தார். நான் இந்த டப்பாவுல இருந்து இறங்கறேன். என்னைப் பாத்தே 'கான்ட்ராக்டர் எப்ப வருவார் தம்பி'ன்னு கேக்கறார். பன்னிரண்டு வீடு, ஒரே இடத்துல. புதன்கிழமை பேச வரச் சொல்லியிருக்கார். இதுல போயி இறங்கட்டுமா?"

"படியை ஒழுங்காக் கட்டியிருந்தா நடந்தே போகலாம்."

தம்பி ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் முதல் வண்டி இருந்த இடம் சீக்கிரமே வந்துவிட்டது.

அது ஒரு வக்கீல் வீடு. வாசலில் கறுப்பு நிறத்தில் யானைக்குட்டி மாதிரி நின்றது வண்டி. வெளிநாட்டுக் கம்பெனி, தோல் சீட்டு, கதவைச் சாத்தினால் 'தொப்'பென்று பணக்காரச் சத்தம். வயது பன்னிரண்டு. தம்பி கையில் இருக்கிற காசுக்குப் புது வண்டி என்றால் சின்னதாக ஒன்றுதான் கிடைக்கும். அதே காசுக்கு இவ்வளவு பெரிய வண்டியா என்று யாருக்குமே தோன்றும்.

அக்கா பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். பிறகு முன் சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே கையை விட்டாள். வலது பக்கம் நாலு விரல் போனது. இடது பக்கம் இரண்டு.

"ராத்திரி நிறுத்தினா காலைல ஒரு பக்கம் படுத்துக்குதா சார்?"

வக்கீலின் முகம் மாறியது. "தரை மேடுபள்ளம்."

"தரை சிமென்ட் தரை. இதுல ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை. ஒண்ணு போயிடுச்சு. மத்த மூணும் பின்னாலயே போகும்." தம்பி பக்கம் திரும்பினாள். "இந்த மாதிரி வண்டியை வாங்கற காசு வேற, வச்சுக் காப்பாத்தற காசு வேற. வண்டிக்குத்தான் பழைய விலை. பார்ட்ஸ் எல்லாம் புது வண்டி விலையிலதான் வரும்."

"வாங்க வந்தீங்களா, வம்பு வளர்க்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு வக்கீல் கேட்டைச் சாத்தினார்.

இரண்டாவது வண்டி, பழைய கார் விற்கிற யார்டில் இருந்தது. வெள்ளை. மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டியது. அக்கா கதவைத் திறந்து, உட்காராமல் குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தாள். ரப்பரில் ஒரு கோடு கூட மிச்சமில்லை.

"நாப்பதாயிரத்துக்கு பெடல் இப்படி வழுக்கையாகாது."

"ஓட்டினவர் செருப்பு கனம் போல மேடம்" என்றான் யார்டுக்காரன்.

"ஸ்டியரிங்ல கூடவா செருப்பு வச்சார்? தேஞ்சு பளபளன்னு இருக்கே. ரெண்டு லட்சம் ஓடியிருக்கும். மீட்டரைப் பின்னாடி சுத்தியிருக்கீங்க."

யார்டுக்காரன் தம்பியைப் பார்த்துக் கேட்டான். "சார், வண்டி பாக்க வர்றப்ப லேடீஸை எதுக்குக் கூட்டிட்டு வர்றீங்க?"

தம்பி விருட்டென்று நடந்தான். வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டான். "சந்தோஷமா?"

"நீ குடுக்க இருந்த காசைக் காப்பாத்தியிருக்கேன்."

"உனக்கு எல்லாத்துலயும் ஓட்டை தெரியணும். ஓட்டை இல்லேன்னா நீயே ஒண்ணு போடுவே. சின்ன வயசுலேர்ந்து இதேதான். நான் தொண்ணூறு மார்க் வாங்கிட்டு வந்தா, மீதி பத்து எங்கன்னு கேட்டவதானே நீ?"

"கேட்டேன். அடுத்த பரீட்சையில தொண்ணூத்தெட்டு வாங்கினே."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா?" என்றாள் டீச்சர். "மணி ஒண்ணாச்சு. அடுத்ததைப் பாத்துட்டு வீட்டுக்குப் போகணும். பொண்ணைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்."

மூன்றாவது வண்டி ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில், தூண்களுக்கு நடுவே நின்றது. புரோக்கர் முன்னாலேயே வந்து காத்திருந்தார். எதற்கெடுத்தாலும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற ஆள். தம்பி அவருக்குப் பல்லழகர் என்று பெயர் வைத்திருந்தான். சிரித்தபடியே அவர் துணி உறையை இழுத்தார்.

சாம்பல் நிறம். ஐந்தே வயது. மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை. டீச்சரே ஒரு நிமிஷம் மூச்சை இழுத்துப் பிடித்தாள். "பொண்ணு படுத்துக்கிட்டே வானத்தைப் பாப்பா" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"ஒரு பேராசிரியர் வீட்டுல நின்ன வண்டி. காலேஜ், வீடு, அவ்வளவுதான்" என்றார் பல்லழகர். விலையைச் சொன்னார். தம்பியின் பட்ஜெட்டுக்குள் வந்தது. புது டயர் போடவும் மிச்சம் இருக்கும்.

தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் முகத்தில் பத்து வயசுப் பையன் வந்து உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்தபோது அக்காவுக்கு ஒரு கணம், இந்த வண்டியாவது நல்ல வண்டியாக இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது. உண்மையாகவே இருந்தது.

"எஞ்சினைப் போடு" என்றாள்.

போட்டான். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தன. ஏர்பேக் விளக்கும் ஆயில் விளக்கும் ஒரே நொடியில் அணைந்தன.

"நிறுத்திட்டு மறுபடி போடு."

மறுபடியும் ஒரே நொடி. ஏர்பேக் விளக்கு தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துத் தனியாக அணைய வேண்டும். இப்படி இன்னொரு விளக்கோடு கை கோத்துக்கொண்டு அணைந்தால், ஏர்பேக் கெட்டது தெரியாமலிருக்க யாரோ இரண்டு ஒயரையும் ஒன்றாக முடிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே சென்ட் வாசனை தூக்கியடித்தது. மூன்று பாட்டில் மாட்டியிருந்தார்கள். எதை மறைக்க?

அவள் வண்டியின் பின்னால் போனாள். டிக்கியைத் திறந்தாள். விரிப்பைத் தூக்கி, மாற்றுச் சக்கரத்தைக் கழற்றி வெளியே வைத்தாள். அதன் அடியில், யாரும் பெயின்ட் அடிக்க மெனக்கெடாத குழியில், மஞ்சள் நிறத்தில் ஓர் எண் இருந்தது. நூற்று எழுபத்தேழு. இரண்டு ஏழுக்கும் இடுப்பில் குறுக்குக் கோடு.

ஏழுக்குக் கோடு போடுவது அவள் பழக்கம்.

போன மழைக்காலம் அப்படியே கண்முன் வந்தது. ஊரே முழங்கால் தண்ணீரில் கிடந்தபோது, மூழ்கிய வண்டிகளை எல்லாம் இழுத்து வந்து ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பதினோரு நாள் அந்தச் சேற்றில் நடந்தாள். இந்த வண்டியின் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தபோது தண்ணீர் கொட்டியது; கூடவே ஒரு செத்த தவளை விழுந்தது. ஒயர், கம்ப்யூட்டர், ஏர்பேக், பிரேக் யூனிட் எல்லாம் மூன்று நாள் சாக்கடைத் தண்ணீரில் ஊறியிருந்தன. ரிப்போர்ட்டில் எழுதினாள்: 'பாகம் பிரிக்க மட்டும். ரோட்டுக்கு ஆகாது.'

பிறகு அது ஏலத்துக்குப் போனது. இப்போது கண்ணாடிக் கூரையோடு இங்கே நிற்கிறது.

பல்லழகர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். சிரிப்பு மட்டும் தாழவில்லை. "மேடம் தொழில் தெரிஞ்சவங்க போல. சத்தம் வேண்டாம். உங்களுக்குத் தனியா பாத்துக்கலாம்."

"இதோட பேப்பரைக் காட்டுங்க."

"பேப்பரெல்லாம் பக்கா மேடம். ஓனர் விவரமான ஆள். இன்சூரன்ஸ் ஆபீஸ்லயே அவருக்கு ஆள் இருக்கு. எது ஏலத்துக்கு வருது, எதுல எஞ்சின் தப்பிச்சுது, எல்லாம் நமக்கு முன்னாடியே வந்துடும்." ஃபைலைப் பிரித்துக் கொடுத்தார்.

உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. அக்காவின் அடையாள அட்டையில், அவள் பெயருக்குப் பின்னால் பதினாறு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிற பெயர்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பெயர் மாறவில்லை. தினமும் சாப்பிட உட்காரும்போது "இன்னிக்கு என்ன வண்டி பாத்தே?" என்று கேட்பாரே, அது ஞாபகம் வந்தது. வேலை போன மனுஷன், என் வேலையைப் பற்றி இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் லேப்டாப்பின் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியும். அவள்தான் சொன்னாள்.

இன்சூரன்ஸ் ஆபீஸ் ஆள்!

தம்பி சட்டைப் பையிலிருந்து அட்வான்ஸ் கவரை எடுத்துக்கொண்டு வந்தான். "என்ன, முடிஞ்சுதா உன் ஆராய்ச்சி?"

"வேண்டாம்டா."

"ம்."

"இது தண்ணியில மூழ்கின வண்டி."

"முதல் வண்டி நொண்டி. ரெண்டாவது கிழடு. இது மூழ்கினது." தம்பி சிரித்தான், சிரிப்பில் சிரிப்பே இல்லை. "நாளைக்குப் புது வண்டியே காட்டினாலும் அதுல பேய் உக்காந்திருக்குன்னு சொல்லுவே."

"நான் எழுதின வண்டிடா. டிக்கியில என் கை நம்பர் இருக்கு. வந்து பாரு."

"எவனோ கிறுக்கினது எல்லாம் உன் கையெழுத்தா?"

"சரி. இதோட ஓனர் யாருன்னு கேட்டியா?"

தம்பி வாயைத் திறந்து, மூடினான். டீச்சர் வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிமிர்ந்தாள். கணக்கு டீச்சருக்கு விடை தெரியாமல் விழிக்கிற பையனின் முகம் தெரியாதா?

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் புருஷனிடம்.

"மாமாவோடது" என்றான் தம்பி. குரல் இறங்கியிருந்தது. "அவர்தான் சொன்னார். அக்காவுக்கு இந்த பிசினஸ் தெரியாது, தெரிஞ்சா குதிப்பா, புரோக்கர் மூலமா வெளி ஆள் மாதிரி வாங்கிக்கோ, உனக்குன்னா விலை குறைச்சுத் தரேன்னார். பேராசிரியர் வண்டின்னுதான் என்கிட்டயும் சொன்னார்."

"தெரிஞ்சுமா என்னைக் கூட்டிட்டு வந்தே?"

"ஆமா!" அவன் கத்தியது தூண்களில் மோதித் திரும்பியது. "மத்த ரெண்டும் மோசம்னு எனக்கே தெரியும். தெரிஞ்சுதான் காட்டினேன். அதைப் பாத்துட்டு இதைப் பாத்தாவது, உன் வாயிலேர்ந்து ஒரே ஒரு தடவை 'நல்லா இருக்குடா'ன்னு வரும்னு பாத்தேன். போதுமா?"

அக்கா சொல்லியிருப்பாள். வண்டி நன்றாக இருந்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பாள். ஆனால் அதை இப்போது சொல்லி யார் நம்புவார்கள்?

டீச்சர் பின் கதவைத் திறந்தாள். தன் மகள் உட்காரப் போகும் சீட்டின் பெல்ட்டை, நிற்கிற வரைக்கும் முழுசாக இழுத்தாள். கடைசி ஒரு சாணில் பெல்ட் கறுப்பாக இல்லை. காய்ந்த சேற்று நிறத்தில் இருந்தது. விரலால் தேய்த்தாள். விரல் நுனியில் மண் வந்தது. அந்த விரலைப் புருஷன் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"என்கிட்ட மறைச்சீங்க இல்ல? வாங்க வீட்டுக்கு."

பல்லழகர் முதல் தடவையாகச் சிரிப்பை நிறுத்தினார். "சீட்டுத் துணி சாயம் சார் அது" என்றார். யாரும் காது கொடுக்கவில்லை.

தம்பிக்குக் கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அக்கா எதிரிலேயே நின்றாள். "மாமாவுக்கு ஏலத்து விஷயமெல்லாம் யார் சொன்னா? வீட்டுலயே ஆள் இருக்கே! நீ எழுதுவே, அவர் எடுப்பார். நடுவுல வாய் தகராறு ஆகிப்போச்சா? அதான் இன்னிக்கு நல்லவ வேஷமா?"

"எனக்குத் தெரியாதுடா."

"அரை இஞ்ச் தெரியுது. புருஷன் பண்றது தெரியாதா? நாளைக்கு உன் ஆபீஸ்ல வந்து கேக்கறேன். அவங்களாவது சொல்லட்டும்."

அக்காவை அங்கேயே விட்டுவிட்டு அந்தச் சின்னக் கார் சரிவில் ஏறிப் போனது. டீச்சர் இந்தத் தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாடகை வண்டி பிடித்து அக்கா வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. கணவர் சோபாவில் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூத்து எழுபத்தேழு" என்றாள்.

அவர் என்ன என்று கேட்கவில்லை. டிவியை அணைத்தார். அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"இப்ப என்ன? வண்டி ஓடுது. நல்லா ஓடுது."

"ஏர்பேக் விளக்கை ஆயில் விளக்கோட முடிஞ்சிருக்கீங்க."

"விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தா எவன் வாங்குவான்?"

"என் தம்பி வாங்குவான். அவன் பொண்ணு பின்னாடி உக்காரும். அது உங்களை மாமான்னு கூப்பிடற குழந்தை."

"அவனுக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். அவ்வளவு பெரிய வண்டி இந்த விலைக்கு அவனுக்கு யார் தருவா?" அவர் எழுந்து நின்றார். "ரெண்டு வருஷம் உன் சம்பளத்துல சாப்பிட்டேன். ஒரு வார்த்தை நீ சொல்லல, ஒத்துக்கறேன். ஆனா ஒவ்வொரு தடவை நீ காய்கறிப் பையை வச்சுட்டுப் பெருமூச்சு விடறப்ப எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா?"

"யோசிக்கல" என்றாள் அக்கா. "அது என் தப்பு. எத்தனை வண்டி?"

"எதுக்கு?"

"எத்தனை?"

"இதோட ஒன்பது."

ஒன்பது மஞ்சள் குறி. ஒன்பதும் அவள் கையால் போட்டது.

"என்ன பண்ணப் போறே? ஆபீஸ்ல சொல்லுவியா? சொல்லு. ரிப்போர்ட் எல்லாம் உன் லேப்டாப்லேர்ந்துதான் வெளிய போயிருக்கு. முதல்ல போறது உன் வேலை. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே பெருமூச்சு விடலாம்."

அந்த நேரம் பார்த்து மேஜை மேல் இருந்த அவர் போன் அடித்தது. அவர் கை நீட்டுவதற்குள் அக்கா எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சார், நல்ல சேதி!" பல்லழகரின் குரலிலேயே பல் தெரிந்தது. "அந்த வில்லங்கம் புடிச்ச பொம்பளை போனதும் அடுத்த பார்ட்டி வந்துட்டாங்க. முழுப் பணமும் குடுத்து வண்டியை எடுத்துட்டாங்க. குடும்பமா டூர் கிளம்பறாங்களாம், விடியக்காலைல மலை ஏறணுமாம். அவசரத்துல ஒண்ணுமே பாக்கல சார்."

மலை. இறக்கத்தில் அந்த பிரேக் யூனிட்.

"எடுத்தவங்க பேர், அட்ரஸ், போன் நம்பர் சொல்லுங்க."

"யாரு... யார் பேசறது?"

"வில்லங்கம் புடிச்ச பொம்பளை. உங்க ஓனருக்கு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ஆள் இருக்குன்னு சொன்னீங்களே, அந்த ஆளும் நான்தான். சொல்றீங்களா, இல்ல போலீஸோட வந்து கேக்கட்டுமா?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு போன் நம்பரும் ஒரு தெருவும் வந்தன. ஊருக்கு மறுகோடி, பாலத்துக்கு அந்தப் பக்கம். வீட்டு நம்பர் தெரியாதாம். அந்த போன் நம்பரை அடித்துப் பார்த்தாள். அணைத்து வைத்திருந்தார்கள். மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே.

ஆணியில் தொங்கும் கார் சாவியை எடுக்கத் திரும்பினாள். சாவி அவர் கையில் இருந்தது. அதைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீ எங்கயும் போகல."

பதினாறு வருஷத்தில் அவர் அந்தக் குரலில் அவளிடம் பேசியதில்லை. அக்கா அவரை ஒரு தேறாத வண்டியைப் பார்ப்பது போல மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். தன் பையையும் போனையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

தெருவில் ஒரு வாடகை வண்டி கூடக் கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வந்த இரண்டும் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்காமல் போயின. வேறு வழியில்லாமல் அவள் தம்பியின் நம்பரை அழுத்தினாள். நாலு தடவை அடித்தது. எடுத்தது தம்பி இல்லை.

"அவர் உங்ககிட்ட பேச மாட்டாராம்" என்றாள் டீச்சர்.

"பேச வேண்டாம். கேட்டா போதும்." அக்கா மூச்சு வாங்காமல் சொன்னாள். வண்டி போய்விட்டது, யாரோ ஒரு குடும்பம், விடிந்தால் மலை, போன் எடுக்கவில்லை, வீட்டு நம்பர் தெரியாது, தெருத்தெருவாகப் போய்த்தான் தேட வேண்டும்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு சின்னக் குரல் ஏதோ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"குழந்தைங்க இருக்காங்களா அவங்களுக்கு?"

"தெரியாது. குடும்பமா போறாங்கன்னுதான் சொன்னான்."

டீச்சர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ பேசுவது கேட்டது. "சாவியைக் குடுங்க... நீங்க வராட்டி போங்க, பொண்ணுக்குச் சாப்பாடு போடுங்க... குடுங்கன்னு சொல்றேன்ல?" சாவிக்கொத்து குலுங்கியது. ஒரு கதவு படார் என்று சாத்தப்பட்டது.

"உங்க தெரு முனையில நில்லுங்க. பத்து நிமிஷத்துல வரேன்."

"நீயா ஓட்டப் போறே?"

"ஆமா. அப்புறம் ஒண்ணு, அண்ணி." டீச்சரின் குரலில் காலையில் இருந்த விறைப்பு கொஞ்சமும் குறையவில்லை. "உங்க மேல இருக்கற கோபம் எனக்கு அப்படியேதான் இருக்கு. அதைப் போற வழியில பேசிக்கலாம்."